விழுந்ததாகச் சொன்ன தரை

நான் விழவே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதை முழுக்க எல்லாரும் நான் விழுந்துவிட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தரை சொல்லும், அரசாங்கம் சொல்லும், மெல்போர்னிலிருந்து என் மகன் போன் போட்டுச் சொல்வான். ஒருத்தரையும் நம்பாதீர்கள்.

என் பெயர் வேதநாயகி. வயது எழுபத்திரண்டு. ரயில்வேயில் டி.டி.ஆராக இருந்து ஓய்வுபெற்றவள். ஓடுகிற ரயிலில் ஒரு கையில் சார்ட்டும் மறு கையில் பேனாவுமாக, எதையும் பிடிக்காமல் பெட்டி பெட்டியாக நடந்திருக்கிறேன். டிக்கெட் இல்லாதவன் கழிவறைக்குள் ஒளிந்துகொண்டால் கதவைத் தட்டி, "தம்பி, மானாமதுரை வரைக்கும் உள்ளயே இருக்கப் போறியா? ஃபைனைக் கட்டிட்டுக் காத்தோட்டமா வந்து உக்காரு" என்று சொல்கிற ரகம் நான். அப்படிப்பட்டவள் ஓய்வுபெற்ற பிறகு குளியலறையில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டேன். சரி, அந்த ஒரு விழுதலை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். வெட்கக்கேடுதான். அதற்குப் பிறகு விழவில்லை.

தனிவாழ்வுச் சட்டம் வந்தது அந்தச் சமயத்தில்தான். எழுபது வயது தாண்டியவர்கள் தனியாக ஒரு வீட்டில் இருக்க வேண்டுமென்றால் சான்று வேண்டும். உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு வழுக்கி விழுந்து, நாலு நாள் கழித்துக் கதவை உடைத்துக் கண்டெடுக்கப்பட்டவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்களுக்காகப் போட்ட சட்டம். அதன் நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

திருச்சியில் பொன்மலைப் பக்கம் எங்கள் முதியோர் குடியிருப்பு. கீழே வரிசையாகத் தனி வீடுகள். மாடியில் துணைத்தளம் என்று ஒன்று. ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் ஓர் ஆட்டத்தரை போட்டிருந்தார்கள். பார்க்கச் சாதாரண டைல்ஸ்தான். பொத்தானை அழுத்தினால் அதில் ஆறு ஓடும். தண்ணீருக்கு நடுவே கல் கல்லாக முளைக்கும். கல்லில் மட்டும் கால் வைத்து அக்கரைக்குப் போக வேண்டும். ஒரு கல் மூழ்குவதற்குள் அடுத்தது முளைக்கும், சில சமயம் முளைக்காது, அப்போது ஒற்றைக் காலில் நின்று காத்திருக்க வேண்டும். கழுத்தில் நாணயம் மாதிரி ஒரு சின்ன வில்லை மாட்டிக்கொள்ள வேண்டும். காலில் எவ்வளவு எடை இறங்குகிறது என்று தரைக்குத் தெரியும், கழுத்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று வில்லைக்குத் தெரியும். இரண்டையும் வைத்து மாதம் ஒரு நிலை எண் போடும். அறுபதுக்கு மேல் இருந்தால் சான்று தொடரும். கேமரா கிடையாது. சேலை மாற்றுகிற வீட்டில் கேமராவா என்று நாங்களே கோர்ட் வரை போய்ச் சண்டை போட்டு அதைத் தடுத்திருந்தோம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஆட்டம்தான் என்னை மறுபடி நடக்க வைத்தது. வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தவள், முதலில் சுவரைப் பிடித்தபடி ஆடினேன், பிறகு நாற்காலியைத் தொட்டபடி, பிறகு எதையும் தொடாமல். தரை காட்டுகிற ஆற்றில் ஒரு மீன் துள்ளும், அதைக் காலால் தட்டினால் கூடுதல் புள்ளி. ஆறாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நான் அந்த மீனைத் துரத்தியிருக்கிறேன். வாக்கரைப் பரணில் தூக்கிப் போட்ட அன்று சந்தோஷம் தாங்காமல் ரவா கேசரி கிண்டி வரிசை முழுக்கக் கொடுத்தேன்.

இனிப்பு சாப்பிடக் கூடாதவள் பக்கத்து வீட்டு லூர்தம்மாள் ஒருத்திதான். அவளும் ரகசியமாக இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவள். அவள் பேசினால் எதிரே இருப்பவருக்கே கேட்காது. நான் பேசினால் ஸ்டேஷனுக்கே கேட்கும். எப்படியோ ஒட்டிக்கொண்டோம்.

பிறகு ஆட்டத்தில் புது ஏற்பாடு வந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். அவரவர் வீட்டில் அவரவர் நின்று ஆட வேண்டும். ஆனால் ஆறு ஒன்றுதான். அவள் பாதம் என் தரையில் மஞ்சள் வெளிச்சமாகத் தெரியும், என் பாதம் அவள் தரையில். ஒரே கல்லில் இருவரும் கால் வைத்தால் உள்ளங்காலில் சுருக்கென்று ஒரு அதிர்வு வரும், நிஜமாகவே யார் காலையோ மிதித்துவிட்ட மாதிரி. தினமும் காலைக் காபி குடித்ததும் நானும் லூர்துவும் ஆடுவோம். ஸ்பீக்கரில் அவள் சிரிப்பது கேட்கும். "வேதாக்கா, தள்ளிப் போங்க, அது என் கல்லு!" என்பாள். நாளின் மிச்சத்தை ஓட்ட எனக்கு அதுவே போதும்.

அந்த ஏற்பாடு வந்த பிறகுதான் எண்கள் சரிய ஆரம்பித்தன. எங்கள் வரிசையில் பாதிப் பேருக்குக் குறைந்தது. முதலில் எண் விழுந்தவள் லூர்து. மூன்று மாதம் தொடர்ந்து அறுபதுக்குக் கீழே போனால் மறுதேர்வு. மறுதேர்விலும் தேறாவிட்டால் மாடி. அவளுக்கு வாதாடவே தெரியாது. "எனக்கு வயசாயிருச்சு போலருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டு, இரண்டு பெட்டியும் ஒரு தையல் மிஷினுமாக மாடிக்குப் போய்விட்டாள். தையல் மிஷினை அங்கே அனுமதிக்கவில்லை. ஊசி இருக்கிறதாம்.

மாடியைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே யாரும் விழுவதே இல்லை, விழ முடியாது. விட்டத்தில் தண்டவாளம் மாதிரி கம்பி ஓடுகிறது. அதிலிருந்து ஒரு பட்டை இறங்கி இடுப்பில் பெல்ட்டாக மாட்டியிருக்கும். எழுந்தால் அது தூக்கிப் பிடிக்கும், நடந்தால் கூடவே வரும். கொடியில் போட்ட துணி மாதிரி எல்லாரும் தொங்கிக்கொண்டு நகர்கிறார்கள். நல்ல சாப்பாடு, நல்ல மெத்தை, மாதம் தவறாமல் டாக்டர். ஒரு வருஷத்தில் லூர்துவின் கெண்டைக்கால் என் மணிக்கட்டு அளவுக்கு வற்றிப் போய்விட்டது.

"நான் நடக்குறேனா, அது என்னைய இழுத்துட்டுப் போகுதான்னே தெரியல அக்கா," என்றாள் ஒரு நாள். பிறகு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் மேல வந்துராதீங்க" என்றாள்.

"நான் எதுக்குடி வர்றேன்?" என்று அதட்டிவிட்டு இறங்கி வந்தேன்.

லூர்து போன பிறகு வரிசையில் வேறு யாரோடாவது சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். ஆனால் என் எண்ணும் சரிந்துகொண்டுதான் இருந்தது. ஒரு மாதம் ஐம்பத்தெட்டு. அடுத்த மாதம் ஐம்பத்தாறு. இத்தனைக்கும் நான் படி ஏறுகிறேன், மார்க்கெட் போகிறேன், பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறேன். மூன்றாவது மாதமும் குறைந்ததும் போனில் செய்தி வந்தது: வெள்ளிக்கிழமை மறுதேர்வு. அதே நாள் மகனுக்கும் செய்தி போயிருக்கிறது.

"அம்மா, மேல போயிடேன். அங்க சேஃப். எனக்கும் நிம்மதியா இருக்கும்."

"உனக்கு நிம்மதி வேணும்னா நீ போய்த் தொங்குடா," என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு சோபாவில் உட்கார்ந்து அழுதேன். பயமாக இருந்தது, அதை மறைப்பானேன். என் காலில் நான் நடக்கிறது போய்விடுமே!

மறுதேர்வுக்கு முன்னால் பயிற்சி கொடுக்க, ஆட்டத்தரையைப் போட்ட நிறுவனத்திலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் வரவேண்டும் என்பது விதி. வந்தவள் ஜெபசீலி. முப்பத்தைந்து வயதிருக்கும், பாளையங்கோட்டைக்காரி. மாடியில் பெல்ட் மாட்டிவிடுவதும் அவள் வேலைதான் என்பதால் எனக்கு அவளைப் பிடிக்காது.

"வாங்க. அளவெடுக்க வந்தீங்களா, எனக்கு எந்த சைஸ் பெல்ட்டுன்னு?" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அப்படிச் சொல்லாதீங்கம்மா. உங்க நடையப் பாத்தா எனக்கே ஒண்ணும் புரியல. நல்லாத்தான் நடக்கீங்க. மெஷின் மட்டும் நீங்க தினமும் பல தடவ விழப்போய் எழுந்திரிக்கீங்கன்னு சொல்லுது."

"விழப்போறேனா? எனக்கு அது ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே?"

"வீட்டுல ஆடும்போது சொல்லாதும்மா. பெரியவங்க பயந்துருவாங்கன்னு சத்தத்த அணைச்சு வச்சிருக்காங்க. எங்க போனுக்கு மட்டும்தான் வரும்." அவள் தன் போனை எடுத்து மேசையில் வைத்தாள். "வாங்க, நாம ரெண்டு பேரும் ஒரே தரையில ஆடிப் பாப்போம். பக்கத்துல நின்னு பாத்தா தெரிஞ்சுரும்."

உபரி வில்லை ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ஆறு ஓட ஆரம்பித்தது. நான் ஒரு கல்லில், அவள் ஒரு கல்லில். துறுதுறுவென்று இருக்கும் பெண், ஆனால் அந்த ஆட்டத்தை அவள் ஆடியதே இல்லை போலிருக்கிறது. மூன்றாவது கல்லிலேயே அவசரப்பட்டு என் கால் மேல் காலை வைத்துவிட்டாள்.

"ஐயோ, சாரிம்மா!" என்று ஒற்றைக் காலில் நின்றபடியே சட்டென்று குனிந்து, என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மேசையில் போன் டிங் என்றது.

அவள் அதை எட்டிப் பார்த்தாள். ஆறு அவள் காலடியில் ஓடிக்கொண்டிருக்க, அப்படியே நின்றுவிட்டாள். "ஜெபசீலி, விழப்போய் எழுந்தார்" என்று திரையில் இருந்தது.

"நான் எங்கம்மா விழுந்தேன்?" என்றாள்.

எனக்கு ஒரு நொடி ஆயிற்று. பிறகு வேண்டுமென்றே அவள் காலை மிதித்தேன். என் கை தானாகக் கீழே போனது, தொட்டது, கண்ணுக்கு வந்தது. நான் சொல்லாமலே அது போய்த் திரும்பிவிட்டது. போன் டிங் என்றது.

"அடிப்பாவி தரையே!" என்றேன்.

இருவரும் நாற்காலியில் போய் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுபடி மறுபடி மிதித்துப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் டிங். குனிகிறபோது எடை முழுக்க ஒரே காலில் இறங்குகிறது, கழுத்து படக்கென்று தாழ்கிறது, உடனே நிமிர்கிறது. கண் இல்லாத தரைக்கு அது விழுவதாகத்தான் தெரியும். வீட்டில் ஜோடி சேர்ந்து ஆடுகிறபோது அந்த மஞ்சள் வெளிச்சத்தை மிதித்தாலும் என் கை இப்படித்தான் தானாகப் போயிருக்கிறது.

"இத்தனை நாளா ஒருத்தருக்குமா தெரியல?" என்றேன்.

"குனிஞ்சோம்னு நமக்கே தெரியாதேம்மா. நெனச்சா செய்யறோம்? தும்மல் மாதிரி வருது. ஆட்டத்தச் செஞ்சவங்க வேற தேசத்துல ஆள் வச்சுப் பரிசோதிச்சிருக்காங்க. அங்க கால் பட்டா வாயால ஒரு சாரி. அவ்வளவுதான்."

சொல்லிக்கொண்டிருந்தவளின் சிரிப்பு திடீரென்று நின்றுவிட்டது. போனை எடுத்து எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "மாடிக்குப் போனவங்க எல்லாருக்கும் இதே கணக்குதான்ம்மா. ஒருத்தராவது வீட்டுல நிஜமா விழுந்ததா பதிவே இல்ல. லூர்தம்மாவுக்குத்தான் எல்லாரையும்விட அதிகம்."

இருக்காதா பின்னே? லூர்து நாற்காலி மேல் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிறவள். சர்ச்சுக்குப் போகிறவளாயிற்றே, உனக்கும் இந்தப் பழக்கமா என்று நான்கூடக் கேலி செய்திருக்கிறேன். எங்கள் வரிசையில் தொண்ணூறுக்குக் குறையாமல் எண் வாங்குகிறவர் வரதப்பன். சிமெண்ட் ஏஜென்சி வைத்திருந்தவர். யார் காலை மிதித்தாலும் திரும்பிப் பார்க்காமல் போகிறவர். மரியாதை தெரிந்தவர்களை எல்லாம் பொறுக்கியெடுத்து மாடியில் தொங்கவிட்டிருக்கிறது இந்த மெஷின்!

ஜெபசீலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த பெல்ட்ட எல்லாம் நான்தாம்மா மாட்டிவிட்டேன். ஒத்தக் கால்ல நின்னு குனிஞ்சு, தரையத் தொட்டு, பிடிமானம் இல்லாம நிமிர்றதுன்னா சும்மாவா? நாங்க படிச்ச பயிற்சியிலயே கஷ்டமானது அதுதான். இருபது வயசுக்காரங்களே தடுமாறுவாங்க. நீங்கள்லாம் காபி குடிச்சுட்டு வந்து அத விளையாட்டாப் பண்ணிட்டு இருந்திருக்கீங்க."

அன்றே நிறுவனத்துக்குச் சொன்னாள். மறுநாள் பதில் வந்தது. அடுத்த வருஷத்துப் பதிப்பில் கவனிப்பார்களாம். அதுவரை ஆடுகிறபோது குனிய வேண்டாம் என்று பெரியவர்களுக்கு அறிவுறுத்த வேண்டுமாம். இந்த விஷயத்தை வெளியே பேச வேண்டாம் என்று அவளுக்குத் தனியாக ஒரு வரி.

"என்னடி செய்யப் போற?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை அங்கதானே நிப்பேன்? பேசத்தான் போறேன். வேலை போனா போகட்டும்," என்றாள். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பொது மண்டபத்தில் மறுதேர்வு. பெரிய ஆட்டத்தரை, சுற்றி நாற்காலிகள். வரிசை முழுக்க வந்து உட்கார்ந்திருந்தது. மாடிப் பால்கனியில் பெல்ட்காரர்கள் நின்றிருந்தார்கள், நடுவில் லூர்து. மறுதேர்வு அதிகாரி மருதவாணன், ஐம்பது சொச்சம் வயது, மரியாதையான மனுஷன். ஜெபசீலி அவரிடம் விஷயத்தை நேராகவே போட்டு உடைத்தாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம்மா. ஆனா நான் எண்ணத்தான பாக்க முடியும்? அவங்க குனியாம ஆடிட்டாப் போச்சு. ரெண்டு ஆட்டம் இருக்கு, எது நல்லா வருதோ அத எடுத்துக்கறேன்."

எதிர் ஆட்டக்காரராக எங்கள் குடியிருப்பிலேயே எண் அதிகமான ஆள் வர வேண்டும் என்பது ஏற்பாடு. வேறு யார், வரதப்பன்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராஜா மாதிரி வந்து நின்றார்.

முதல் ஆட்டத்தில் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். குனியவே கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நாலைந்து கல் தாண்டியிருப்பேன், வரதப்பன் காலில் என் கால் பட்டது. உடம்பு பாதி குனிந்துவிட்டது. நான் அதை வலுக்கட்டாயமாக இழுத்து நிறுத்தினேன். அவ்வளவுதான், தலை ஒரு பக்கம் போக இடுப்பு ஒரு பக்கம் போக, தள்ளாடித் தண்ணீருக்குள் கால் வைத்துவிட்டேன். ஜென்மத்தில் அந்தத் தரையில் நான் நிஜமாகவே தடுமாறியது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்லுக்கும் பயந்தேன்.

"வேதநாயகி. நிலை எண் ஐம்பத்து நான்கு," என்றது தரை. விமான நிலையத்தில் அறிவிப்பு சொல்வார்களே, அந்தக் குரல். "வரதப்பன். நிலை எண் தொண்ணூற்று இரண்டு. வாழ்த்துகள்."

மேலே பார்த்தேன். லூர்து பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்ய ஆரம்பிக்கும், சர்வீஸ் முழுக்க அப்படித்தான்.

"சார், ஒரு சந்தேகம்," என்றேன். "மெஷினே எண் போட்டுருது. அப்புறம் மறுதேர்வுக்கு எதுக்கு ஒரு அதிகாரி நேர்ல வரணும்னு விதியில போட்டிருக்கீங்க?"

அவர் யோசித்தார். "மெஷின் தப்புப் பண்ணா கண்டுபிடிக்கறதுக்கு மேடம். மெஷின் சொல்றதும் நான் பாக்கறதும் வேற வேறயா இருந்தா, நான் பாத்ததுதான் முடிவு."

"இதுவரைக்கும் பாத்திருக்கீங்களா?"

அவர் கையில் இருந்த திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொஞ்சம் கூச்சமாகச் சிரித்தார்.

"அந்தத் திரைய மேசையில கவுத்துப் போடுங்க. என்னையப் பாருங்க," என்றேன்.

கவிழ்த்துப் போட்டார்.

இரண்டாவது ஆட்டம். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். இந்தத் தடவை எதையும் அடக்கவில்லை. நான் எப்படி ஆடுவேனோ அப்படி ஆடினேன். வரதப்பன் வழக்கம்போலத் திம் திம் என்று வந்தார். என் கால் அவர் மேல் பட்டது. குனிந்தேன், தொட்டேன், கண்ணில் ஒற்றினேன், நிமிர்ந்து அடுத்த கல்லுக்குத் தாவினேன்.

"வேதநாயகி விழுந்துவிட்டார்," என்றது தரை.

மண்டபத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அடுத்த கல்லிலும் கால் பட்டது, குனிந்து நிமிர்ந்தேன்.

"வேதநாயகி விழுந்துவிட்டார். உதவி வந்துகொண்டிருக்கிறது. பதற்றப்பட வேண்டாம்."

"யாரும்மா பதறுனது?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றபடி தரையைக் கேட்டேன். மண்டபமே கொல்லென்று சிரித்தது. அதற்குப் பிறகு எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. மீன் துள்ளியது, தட்டினேன். கால் பட்டது, குனிந்தேன். விழுந்துவிட்டார் என்று அது சொல்லச் சொல்ல, "இல்ல!" என்று வரிசை முழுக்கக் கத்தியது. மாடியிலிருந்தும் கத்தினார்கள். லூர்துவின் குரல் கூட்டத்தில் தனியாகக் கேட்டது. அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மருதவாணன் எழுந்து தரையோரம் வந்து நின்றார். "ஒரு நிமிஷம். வரதப்பன் சார், நீங்க ஒரு தடவ அவங்க மாதிரி குனிஞ்சு காட்டுங்களேன். கைய எங்கயும் ஊனாம."

"இதென்ன பெரிய வித்தையா?" என்றார் வரதப்பன். ஒரு காலைத் தூக்கினார். பாதி குனிந்தார். முகம் மாறியது. கைகள் காற்றில் துழாவின. தொண்ணூறு கிலோ உடம்பு பக்கவாட்டில் சாய ஆரம்பித்தது. தரைக்கு அப்பால் சிமெண்ட் படி.

நான் யோசிக்கவில்லை. அடுத்த கல்லுக்குத் தாவி, முழங்காலை மடக்கித் தாழ்ந்து, அவர் அக்குளுக்குக் கீழே தோளைக் கொடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஓடுகிற ரயிலில் பிரேக் போட்டால் கால் எப்படி ஊன்றுமோ அப்படி ஊன்றியது. என் கால் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. மனுஷன் என் மேல் சாய்ந்தபடி அப்படியே நின்றார். அவர் மூச்சிரைப்பது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"வேதநாயகி விழுந்துவிட்டார்," என்றது தரை. "வரதப்பன். நிலை எண் தொண்ணூற்று ஒன்று. வாழ்த்துகள்."

யாரும் சிரிக்கவில்லை. என் தோளில் தொங்கிக்கொண்டிருந்த வரதப்பன்தான் முதலில் பேசினார். "அட நாசமாப் போன மெஷினே. இந்தம்மாதான் என்னையத் தூக்கிப் பிடிச்சிருக்கு!"

"அத நிறுத்துங்க ஜெபசீலி," என்றார் மருதவாணன். தரையில் ஆறு அணைந்தது. வெறும் டைல்ஸ். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் பாத்தத எழுதறேன். வேதநாயகி தேர்ச்சி. இந்த மெஷின் போட்ட எண்ண வச்சு மாடிக்குப் போன எல்லாருக்கும் நானே நேர்ல உக்காந்து மறுதேர்வு வைக்கிறேன். அதுவரைக்கும் இந்த ஆட்டத்துக்கு எண் கிடையாது. ஆடுங்க, ஆனா எண் கிடையாது."

மண்டபம் அதிர்ந்தது. விசில் அடித்தது யார் என்று திரும்பிப் பார்த்தேன், வரதப்பன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் இல்லை. ஜெபசீலி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். இடுப்பெலும்பு உடைந்தவள்டி, மெதுவா என்றேன். இன்னும் குதித்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு மருதவாணன் மேசையில் சான்றை எடுத்து வைத்தார். அவர் எதிரே உட்கார்ந்து, "லூர்தம்மாளுக்கு எப்ப சார் தேர்வு?" என்று கேட்டேன்.

அவர் ஜெபசீலியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இப்பச் சோதிச்சா அவங்க நிஜமாவே தேற மாட்டாங்கம்மா. கீழ இருந்தப்போ நல்லா இருந்தாங்க. ஒரு வருஷமா பெல்ட்டுல தொங்கிக் காலே செத்துப்போச்சு. மறுபடி ஆட்டம் ஆடினா ஆறேழு மாசத்துல வந்துரும். ஆனா பெல்ட்டோட ஆட முடியாது. சான்று இல்லாம பெல்ட்டக் கழட்டவும் முடியாது."

"எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு மேடம்," என்றார் அவர். "உங்க விஷயமாவது நல்லபடியா முடிஞ்சுது. இந்தாங்க, தனிவாழ்வுச் சான்று. இனிமே உங்கள யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

நான் அதை வாங்கித் திருப்பி அவர் பக்கமே வைத்தேன். "பின்பக்கம் ஒரு இடம் இருக்கு பாருங்க. அதிகாரி நேரில் பார்த்துச் சான்று கொடுத்தவர் பொறுப்பேற்றுக்கொண்டால், சான்று இல்லாத ஒருவர் அவரோடு அதே வீட்டில் பெல்ட் இல்லாம இருக்கலாம்னு போட்டிருக்கு. அதுல லூர்தம்மாள்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

ஜெபசீலி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாய் திறந்தபடியே இருந்தது.

மருதவாணனுக்கு ஒன்றும் புரியவில்லை. சான்றை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "தனியா வாழணும்னுதானே மேடம் இவ்வளவு சண்டை போட்டீங்க?"

"தனியா வாழ முடியும்னு நிரூபிச்சாத்தான் சார் நீங்க ஒருத்தரோட சேர்ந்து வாழ விடுறீங்க," என்றேன். "நான் வேற என்ன பண்ணட்டும்?"

அவர் சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார். ஜெபசீலி ஓடிப் போய் எனக்காக லிஃப்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நீ அதிலே வா என்று சொல்லிவிட்டு, சான்றை இடுப்பில் செருகிக்கொண்டு நான் படியில் ஏறினேன். பாதிப் படியிலிருந்தே தெரிந்தது, பால்கனியிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டிருந்த லூர்து யாருக்கும் காத்திருக்காமல் பெல்ட்டின் கொக்கியைக் கழற்ற ஆரம்பித்திருந்தாள்.